வளைவில் துள்ளும் கெப்

மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் வாவியோரமாக அமைந்துள்ள அமிர்தகழி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் அதன் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் நாடெங்கும் அறியப்பட்ட ஊராயினும், வாகனம் ஓட்டுபவரைப் பொறுத்தவரை அது குறுகிய ஒழுங்கைகளும் மணல் தரையும் உப்புக் காற்றும் ஒருங்கே கூடிய இடமாகும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருப்போர், வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கமாகவோ, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கமாகவோ சென்று, மாரி காலத்துச் சேற்றில் கெப் வண்டியை நான்கு சில்லு இயக்கத்தில் போட்டு வயல் வட்டையிலிருந்து வெளியே எடுத்து, அதே நிலையில் தார் வீதி வழியே வீடு திரும்புவது வழக்கம். நேர்வீதியில் எதுவும் தெரிவதில்லை. ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போதுதான் வண்டி யாரோ பிரேக் பிடித்தது போல் இழுபட்டு, ஒரு சில்லு துள்ளி, அடியில் ‘டக்’ என்று ஓர் அடி விழுகிறது. கியர் பொக்ஸ் போய்விட்டது என்ற முடிவுக்கு உரிமையாளர் அந்த இடத்திலேயே வந்துவிடுகிறார். ஆனால் இத்தகைய முறைப்பாடுகளில் கணிசமானவற்றில் எந்தப் பாகமும் உடைந்திருப்பதில்லை. வாகனம் தன் அமைப்பு விதித்தபடியே நடந்துகொள்கிறது. உடைந்ததையும் உடையாததையும் பிரித்தறியும் வழி, பற்சில்லுகளைக் கழற்றுவதற்கு வெகுமுன்பாகவே, எந்த நிலையில், எந்தத் தரையில், எத்தகைய டயர்களோடு அது துள்ளுகிறது என்ற கேள்விகளில் தொடங்குகிறது.

மாட்டு வண்டில் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிட அதிக தூரம் உருள்கிறது. இரண்டும் அச்சில் தனித்தனியே சுழல்வதாலும், இழுப்பது மாடே அன்றிச் சில்லல்ல என்பதாலும், அங்கு எந்தச் சிக்கலும் எழுவதில்லை. இயந்திரத்தின் விசையைச் சில்லுகளுக்கே கொடுக்க முற்பட்டபோதுதான், இரண்டையும் ஒரே வேகத்தில் சுழற்றினால் வளைவில் ஒன்று தரையில் இழுபடும் என்ற பிரச்சினை தோன்றியது. பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் 1827இல் நீராவி வண்டிக்காக உருவாக்கிய டிஃபரன்ஷல் என்ற பற்சில்லுத் தொகுதி, இரு சில்லுகளுக்கும் விசையைக் கொடுத்துக்கொண்டே அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடமளித்து, இதைத் தீர்த்தது. இன்று எந்தக் கெப்பின் பின்னச்சின் நடுவிலும் பூசணிக்காய் அளவில் தொங்கும் உருண்டைப் பெட்டிக்குள் இருப்பது இதுவே. நான்கு சில்லு இயக்கமுள்ள வாகனங்களில் முன்னச்சிலும் இத்தகையது ஒன்று உண்டு.

இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்விரு டிஃபரன்ஷல்களும் சமன் செய்கின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே இன்னொரு வேறுபாடு இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வளைவில் முன்சில்லுகள் வெளிவட்டத்திலும் பின்சில்லுகள் அதற்கு உள்ளேயும் ஓடுகின்றன. ஈரமணலில் ஒரு வாகனம் திரும்பிய தடத்தைப் பார்த்தால் இது நன்கு தெரியும். இரு அச்சுகளுக்கும் இடையே 3.1 மீற்றர் நீளமுள்ள ஒரு டபுள் கெப், பின்னச்சின் நடுப்புள்ளி 5 மீற்றர் ஆரையில் செல்லுமாறு திரும்பினால், முன்னச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 5.9 மீற்றர் ஆரையில் செல்ல வேண்டியிருக்கும். ஒழுங்கைக்குள் நுழையும் ஒரு கால்வட்டத் திருப்பத்தில் மட்டும் முன்னச்சு பின்னச்சைவிட 1.4 மீற்றர் அளவு கூடுதலாக உருள வேண்டும். டயரின் சுற்றளவு 2.4 மீற்றர் எனக் கொண்டால் இது அரைச் சுற்றுக்கும் மேல். அச்சுக்குள் இருக்கும் பற்சில்லு விகிதம் ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்பதால், முன்னச்சுக்கு விசை கொண்டுசெல்லும் புரொப்பெலர் ஷாஃப்ட், பின்னச்சுக்குச் செல்லும் ஷாஃப்டைவிட இரண்டு சுற்றுகளுக்கும் அதிகமாகச் சுழன்றாக வேண்டும்.

டொயோட்டா ஹைலக்ஸ், சுசுகி ஜிம்னி, 70 வரிசை லாண்ட் குரூசர் போன்ற வாகனங்களில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் நான்கு சில்லுகளையும் இயக்கும் வகையைச் சேர்ந்தவை. கியர் பொக்ஸுக்குப் பின்னால் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி, இரு சில்லு நிலையில் பின்னச்சுக்கு மட்டும் விசையை அனுப்புகிறது. நான்கு சில்லு நிலையில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. பூட்டிய பின் இரண்டும் ஒரே வேகத்தில் மட்டுமே சுழல முடியும். வளைவோ இரண்டு சுற்று வேறுபாட்டைக் கேட்கிறது. சேற்றிலும் மணலிலும் கிறவல் வீதியிலும் ஏதாவதொரு சில்லு சிறிது வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுவதால் ஓட்டுநருக்கு எதுவும் தெரிவதில்லை. காய்ந்த தார் வீதியில், அதிலும் புதிதாகப் போட்ட காபட் வீதியில், டயர் எளிதில் வழுக்காது. ஆகவே வேறுபாடு முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்சில்லுகளிலும் அச்சுத் தண்டுகளிலும் முறுக்காக ஏறுகிறது. முறுக்கு ஏற ஏற ஸ்டியரிங் கனக்கிறது, வேகம் குறைகிறது, முன்சில்லுகள் பிரேக் பிடித்தது போல் தடுக்கப்படுகின்றன. ஓர் எல்லைக்கு அப்பால் ஏதேனும் ஒரு டயர் தரையின் பிடியை விட்டு ஒரு கணம் நழுவ, சேர்ந்திருந்த முறுக்கு ஒரே வீச்சில் அவிழ்கிறது. அந்த நழுவலே துள்ளல். பற்களுக்கிடையிலான இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும்போது எழுவதே ‘டக்’ என்னும் ஓசை. திருப்பம் முடியும்வரை முறுக்கேறுவதும் அவிழ்வதும் மாறி மாறி நிகழ்கின்றன.

இந்த நிலையில் வாகனத்தை நிறுத்தி, இரு சில்லு நிலைக்கு மாற்ற முயன்றால் நெம்புகோல் அசைய மறுப்பதுண்டு. முறுக்கின் அழுத்தத்தில் உட்பற்கள் இறுகியிருப்பதே காரணம். நெம்புகோலைப் பலங்கொண்டு இழுப்பது பயனற்றது. ஸ்டியரிங்கை நேராக்கி, சில மீற்றர் பின்னோக்கிச் சென்றால் முறுக்குத் தளர்ந்து நெம்புகோல் தானாகவே இணங்கும். பொத்தான் அல்லது திருகியால் இயங்கும் புதிய வாகனங்களில் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டிருப்பதும் பல வேளைகளில் இதே காரணத்தாலேயாகும். அதை மின்கோளாறு எனக் கருதிச் செலவு செய்தவர்கள் உண்டு.

எல்லா நான்கு சில்லு வாகனங்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல என்பதே நோயறிதலைச் சிக்கலாக்குகிறது. 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர், முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷல் ஒன்றைக் கொண்டிருந்ததால், எப்போதும் நான்கு சில்லுகளாலும் இயங்கியபடி தார் வீதியிலும் தடையின்றித் திரும்பியது. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோவின் சுப்பர் செலக்ட் அமைப்பில், நடு டிஃபரன்ஷல் திறந்திருக்கும் நான்கு சில்லு நிலையும், அதைப் பூட்டிவிடும் நிலையும் தனித்தனியே உள்ளன. முன்னதைத் தார் வீதியில் பயன்படுத்தலாம், பின்னதைக் கூடாது. அதே நிறுவனத்தின் எல்200 கெப்பில் சில வகைகள் சுப்பர் செலக்டோடும் வேறு சில வகைகள் நடு டிஃபரன்ஷல் இல்லாத ஈசி செலக்டோடும் வந்தன. பஜேரோ ஓட்டிப் பழகியவர் ஈசி செலக்ட் கெப்பை வாங்கி, பழைய பழக்கத்தில் நான்கு சில்லு நிலையிலேயே நகருக்குள் ஓட்டினால் துள்ளல் நிச்சயம். ஜப்பானில் ஓடிப் பின் இங்கு இறக்கப்பட்ட வாகனங்கள் பலவற்றின் கையேடு ஜப்பானிய மொழியிலேயே இருப்பதால், எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தும் அது எவருக்கும் எட்டுவதில்லை.

நடு டிஃபரன்ஷலுக்குப் பதிலாகவோ துணையாகவோ விஸ்கஸ் கப்ளிங் என்ற உறுப்பைப் பயன்படுத்தும் வாகனங்களும் உள்ளன. சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய மெல்லிய தட்டுகளின் அடுக்கான இது, சிறு வேக வேறுபாட்டை அனுமதித்து, பெரிய வேறுபாட்டைத் தடுக்கும். வயதாகும்போது இத்திரவம் கெட்டிப்பட்டு, தட்டுகள் எப்போதும் பூட்டியது போல் நடந்துகொள்ளத் தொடங்குவதுண்டு. லாண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரிலும் 1990களின் ஜீப் கிராண்ட் செரோக்கியிலும் இது நன்கறியப்பட்ட கோளாறு. ஆகவே ஒரே துள்ளல், ஹைலக்ஸில் நான்கு சில்லு நிலையில் தோன்றினால் இயல்பாகவும், எப்போதும் நான்கு சில்லில் ஓட வேண்டிய வாகனத்தில் தோன்றினால் பழுதாகவும் ஆகிறது. தன் வாகனம் இவற்றில் எந்த வகை என்பதை அறியாமல் செய்யப்படும் எந்தச் சோதனையும் பொருளற்றது.

தேவைக்கேற்ப இணைக்கப்படும் வகையாயின் முதற்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. காய்ந்த தார்த் தரையில் இரு சில்லு நிலைக்கு மாற்றி, முன்சில்லின் நடுவில் கையால் திருகும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதையும் விடுவித்து, நடை வேகத்தில் இடமும் வலமுமாக முழுவட்டம் அடித்துப் பார்க்க வேண்டும். துள்ளலும் இழுவையும் மறைந்துவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. பழுது எதுவும் இல்லை, பழக்கமே மாற வேண்டும். இரு சில்லு நிலையிலும் அதே இழுவை தொடருமானால், நெம்புகோலோ விளக்கோ சொல்வது பொய், முன்னச்சு உள்ளே இன்னும் பூட்டியே இருக்கிறது என்று ஐயுற வேண்டும். நீண்ட காலம் பயன்படுத்தப்படாத மாற்றுத் தண்டு துருவேறி இறுகியிருக்கலாம். முன்னச்சை இணைக்கும் மோட்டாரோ வெற்றிடக் குழாயோ செயலிழந்திருக்கலாம். உப்புக் காற்று வீசும் வாவியோர ஊர்களில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் அடியில் தொங்கும் மின் இணைப்புகளே.

இதை உறுதி செய்யும் முறை எளியது. சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒரு முன்சில்லை மட்டும் ஜக்கால் தூக்கி, அச்சின் கீழ் ஸ்டாண்ட் வைத்த பின்னரே சோதிக்க வேண்டும். இரு சில்லு நிலையில் அந்தச் சில்லு கையால் சுழற்றச் சுழல வேண்டும். பிரேக் உரசல் இல்லாத நிலையிலும் அது சிறிது அசைந்து கெட்டியாக நின்றுவிட்டால், முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டோடு பூட்டியிருக்கிறது. விஸ்கஸ் கப்ளிங் உள்ள வாகனத்தில் சில்லு தடையை எதிர்த்து மெதுவாக, ஆனால் தொடர்ந்து சுழன்றால் அது நலமாக இருக்கிறது. அசையவே மறுத்தால் இல்லை. பழைய லாண்ட் ரோவர்களில் ஹேண்ட் பிரேக் சில்லில் இன்றி ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் இருப்பதால், பின்சில்லு ஒன்றைத் தூக்கியவுடன் டிஃபரன்ஷல் வழியாக வண்டி உருளத் தொடங்கும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் நுழைவது எந்தச் சோதனைக்கும் தகுந்த விலையல்ல.

அடுத்துப் பார்க்க வேண்டியவை டயர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் பாவனை வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்கள் வழக்கத்தைவிட நீண்ட காலம் ஓட்டப்பட்டன. இரண்டு புதிய டயரும் இரண்டு பழைய டயருமாகச் சமாளிப்பது அக்காலத்துச் சிக்கனமாக இருந்தது. இரு சில்லு வாகனத்தில் இதனால் பெரிய தீங்கில்லை. நான்கு சில்லு வாகனத்தில் முன் டயரின் பட்டன் 8 மில்லிமீற்றரும் பின் டயரின் பட்டன் 3 மில்லிமீற்றருமாக இருந்தால் சுற்றளவில் ஏறத்தாழ ஒரு வீத வேறுபாடு உண்டாகும். கிலோமீற்றருக்கு நானூறு சுற்றுக்கு மேல் சுழலும் டயரில் இது நான்கைந்து சுற்று வேறுபாடாகும். நடு டிஃபரன்ஷல் இல்லாத வண்டியைப் பூட்டிய நிலையில் ஓட்டினால் நேர்வீதியிலும் முறுக்கேறும். விஸ்கஸ் கப்ளிங் உள்ள வண்டியில் அது இடைவிடாது சூடேறி விரைவில் கெடும். காற்றழுத்தக் குறைவும் ஓரளவு இதே விளைவைத் தரும். ஆகவே நான்கு டயர்களிலும் அளவு, தயாரிப்பு, தேய்வு, காற்று ஆகியவற்றை ஒப்பிட்ட பின்னரே மேலே செல்ல வேண்டும். ஐயமிருந்தால், டயரில் சோக்கட்டியால் ஒரு கோடிட்டு, வண்டியை நேராகத் தள்ளி, ஒரு முழுச்சுற்றில் அது கடந்த தூரத்தை முன்னும் பின்னும் அளந்துகொள்ளலாம்.

டயர்கள் சரியாக இருந்தும், சேற்றில்கூட முறுக்கேறுகிறது, நேராகச் செல்லும்போதும் நெம்புகோல் இறுகுகிறது என்றால், முன்பு ஏதாவதொரு அச்சின் கிரவுன்–பினியன் பற்சில்லுகள் மாற்றப்பட்டனவா என்று விசாரிக்க வேண்டும். பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கப்படும் உதிரிப்பாகங்களில் வெளித்தோற்றம் ஒன்றாகவும் விகிதம் வேறாகவும் இருப்பவை உண்டு. 41 பல்லும் 10 பல்லும் சேர்ந்தால் விகிதம் 4.1, 43 பல்லும் 11 பல்லும் சேர்ந்தால் 3.909. ஓரச்சில் முன்னதும் மற்றதில் பின்னதும் பொருத்தப்பட்டால், அந்த வாகனத்தின் நான்கு சில்லு நிலை தன்னைத் தானே எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். பற்களை எண்ணிப் பார்ப்பதே இதற்கு உறுதியான சோதனை.

இரு சில்லு நிலையில் முன்சில்லு தடையின்றிச் சுழல்கிறது, டயர்களும் ஒத்திருக்கின்றன, எனினும் மெதுவாகத் திரும்பும்போது பின்புறத்திலிருந்து முனகலும் நடுக்கமும் வருகின்றன என்றால், ஐயம் ஒயிலின் மீது விழ வேண்டும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷல்களுக்குள் சிறிய கிளச் தட்டுகள் உள்ளன. அவை வளைவில் மெல்ல வழுக்கிக்கொடுக்க, உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த ஒயில் தேவை. சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் தட்டுகள் பிடித்தும் விட்டும் நடுங்கும். இலங்கையில் பரவலாக ஓடும் ஹொண்டா சீஆர்வியின் பழைய தலைமுறைகளில், முன்சில்லின் வேகத்துக்கு ஒன்றும் பின்சில்லின் வேகத்துக்கு ஒன்றுமாக இரு சிறு பம்புகள் பின் டிஃபரன்ஷலுக்குள் இயங்கி, இரண்டுக்கும் வேறுபாடு தோன்றும்போது கிளச்சை அழுத்துகின்றன. இதற்கான திரவம் பழுதடைந்தால் முழு ஒடிப்பில் திரும்பும்போது பின்னால் ஓர் உறுமல் எழும். அதற்கெனவே உள்ள திரவத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றரை மாற்றி, திறந்த வெளியில் இருபுறமும் சில வட்டங்கள் ஓட்டினாலே பெரும்பாலும் ஓசை நின்றுவிடும். இந்த ஒரு லீற்றர் ஒயிலை முயன்று பாராமல் டிஃபரன்ஷலையே மாற்றச் சொல்லும் ஆலோசனையை ஏற்க எந்தக் காரணமும் இல்லை.

முறுக்கோடு தொடர்பற்ற ஓசைகளும் வளைவிலேயே கேட்கும் என்பதால் அவற்றைச் செவியால் வேறுபடுத்தக் கற்க வேண்டும். திருப்பத்தில் சில்லின் வேகத்துக்கு ஏற்ப ‘கடக் கடக்’ என்று ஒழுங்காக ஒலித்து, விசையைக் கூட்டும்போது உரக்கக் கேட்பது, முன்சில்லுக்கு விசை செலுத்தும் சீவீ மூட்டின் தேய்வாகும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, சில்லின் உட்புறமெங்கும் கிறீஸ் தெறித்திருந்தால் வேறு சான்று தேவையில்லை. வண்டி புறப்படும்போதும் முன்னும் பின்னுமாக மாற்றும்போதும் ஒரேயொரு தட்டல் கேட்டால் புரொப்பெலர் ஷாஃப்டின் சிலுவை மூட்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். வேகத்தோடு கூடி, ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் பெருகும் ரீங்காரம் சில்லுப் பெயாரிங்குடையது. ஸ்டியரிங்கை முழு எல்லையில் பிடித்திருக்கும்போது மட்டும் எழும் முனகல் பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தம் வெளியேறும் ஓசையாகும். அளவுக்கு மீறிய டயர் போட்ட கெப்புகளில், டயர் சட்டத்தில் உரசும் ஒலியைக்கூட கியர் பொக்ஸின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

மட்டக்களப்புக்கு உரிய ஒரு கெடுதி வெள்ளத்தால் வருவது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் நேர்ந்தது போன்ற பெருமழைக் காலங்களில், முகத்துவாரத்தின் மணல் திட்டு வெட்டப்பட்டு வாவி நீர் கடலுக்கு வடியும்வரை, படுவான்கரை வீதிகள் பலவற்றில் அச்சை மூடும் அளவுக்கு நீர் நிற்கும். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, மேலே உள்ள மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் ஒயில் சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில வாரங்களில் பற்சில்லுகளும் பெயாரிங்குகளும் துருப்பிடித்து, வளைவில் அரைக்கும் ஓசை தொடங்கும்போது, வெள்ளத்தில் ஓடியதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நீரில் இறங்கிய வாகனத்தில் முன்னச்சு, பின்னச்சு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய மூன்றின் ஒயில் திருகிகளையும் தளர்த்திப் பார்த்து, ஒயில் பால் போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். வாவி நீர் உவர் நீராகையால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பற்சில்லின் ஆயுளிலிருந்து கழிகிறது.

திறமையான மெக்கானிக்குகள் மட்டக்களப்பில் இல்லாமல் இல்லை. ஆயினும் ‘திரும்பும்போது சத்தம் வருகிறது’ என்ற ஒற்றை வரியோடு வாகனத்தைக் கராஜில் விட்டுச் செல்லும் உரிமையாளர், அவர்களை ஊகத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறார்; ஊகம் பெரும்பாலும் ஆகப் பெரிய பெட்டியைத் திறப்பதிலேயே போய் முடிகிறது. இரு சில்லு நிலையில் வருகிறதா நான்கு சில்லு நிலையில் வருகிறதா, தாரிலா மணலிலா, இடம் திரும்பும்போதா வலம் திரும்பும்போதா, குளிர்ந்த நிலையிலா நெடுந்தூரம் ஓடிய பின்பா, டயர் எப்போது மாற்றப்பட்டது, ஒயில் எப்போது, வாகனம் கடைசியாக எப்போது வெள்ளத்தில் இறங்கியது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். அவற்றைக் கேட்டறியாமலும், வண்டியை ஒருமுறை வட்டமடித்துப் பார்க்காமலும் கியர் பொக்ஸை இறக்க வேண்டும் என்று எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.